தண்ணீர் ஒட்டாத ஆக்சைடு பூசினால் கண்டென்சர் பத்து மடங்கு வேலை செய்யுமா?

கேள்வி இதுதான்: நீராவியைத் தண்ணீராக்கும் கண்டென்சர் குழாயின் மேல் சீரியம் ஆக்சைடு மாதிரி தண்ணீர் ஒட்டாத உலோக ஆக்சைடைப் பூசினால் வெப்பப் பரிமாற்றம் பத்து மடங்கு ஏறும் என்று படித்தேன், நிஜமா? ஆக்சைடு என்றாலே தண்ணீரை இழுத்துக்கொள்ளுமே, அது எப்படி ஒட்டாமல் போகும்? கல்லூரி புராஜெக்டுக்கு இதை எடுக்கலாமா?

பத்து மடங்கு என்பது பொய் இல்லை, ஆனால் அது குழாயின் ஒரு பக்கத்துக் கணக்கு மட்டும். முழுக் கண்டென்சருக்குக் கணக்குப் போட்டால் ஒன்றரை மடங்குக்குள் அடங்கிவிடும். ஆக்சைடு தானாகவே தண்ணீரை வெறுக்கிறதா என்பதில் 2013லிருந்து ஒரு வழக்கே நடந்துகொண்டிருக்கிறது, அதுதான் இதில் சுவாரசியமான பகுதி. புராஜெக்டுக்கு எடுக்கலாம், ஆனால் எதை அளக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். விவரமாகச் சொல்கிறேன்.

நீராவி ஒரு குளிர்ந்த பரப்பைத் தொட்டால் இரண்டு விதமாகத் தண்ணீராகலாம். பரப்பு முழுக்கத் தண்ணீர் பரவி ஒரு படலமாக வழிவது ஒன்று. ஜெர்மன் பொறியாளர் நுசெல்ட் 1916ல் கணக்குப் போட்டுக் கொடுத்தது இந்தப் படலத்துக்குத்தான், இன்றைக்கும் கண்டென்சர் வடிவமைப்பவர்கள் அடிப்படையாக வைத்துக்கொள்வது அதைத்தான். இன்னொன்று, தண்ணீர் பரவாமல் துளித்துளியாகத் திரள்வது. இதை ஜெர்மனியில் ஷ்மிட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் 1930ல் கவனித்து, படலத்தைவிட இது பல மடங்கு வெப்பத்தைக் கடத்துகிறது என்று எழுதினார்கள். காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. தண்ணீரின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டருக்கு, கெல்வினுக்கு 0.6 வாட்தான், செம்போடு ஒப்பிட்டால் அது போர்வை மாதிரி. படலம் வழிகிற வரைக்கும் அந்தப் போர்வை குழாயை விட்டு விலகுவதே இல்லை. துளியாக இருந்தால், ஒரு துளி ஓரிரு மில்லிமீட்டர் வளர்ந்ததும் எடை தாங்காமல் உருண்டு விழும், விழுகிற வழியில் இருக்கும் மற்ற துளிகளையும் துடைத்துக்கொண்டு போகும், துடைத்த இடத்தில் உடனே பொடிப்பொடியாகப் புதுத் துளிகள் முளைக்கும். வெப்பத்தில் பெரும்பகுதி போவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தப் பொடித் துளிகள் வழியாகத்தான். பெரிய துளி அடியிலிருக்கும் இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. ஆகவே இந்த விளையாட்டில் ஜெயிப்பது துளியைச் சீக்கிரம் கிளப்பி விடுகிற பரப்பு. வளிமண்டல அழுத்தத்தில் சுத்தமான நீராவிக்குப் படலம் என்றால் சதுர மீட்டருக்கு, கெல்வினுக்குச் சுமார் 10,000 வாட், துளி என்றால் 1 லட்சம் அல்லது அதற்கும் மேல். அந்தப் பத்து மடங்கு இங்கேயிருந்துதான் வருகிறது.

சிக்கல் என்னவென்றால் கண்டென்சர் குழாய்க்குப் பயன்படும் செம்புக் கலவை, டைட்டானியம், துருப்பிடிக்காத எஃகு எல்லாமே சுத்தமாக இருந்தால் தண்ணீரை விரும்பும். அவற்றின் மேல் தானாகவே படியும் ஆக்சைடும் அப்படித்தான். அதனால் 1930லிருந்தே எதையாவது தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒலியிக் அமிலம் போன்ற எண்ணெய்ப் பசை தடவினால் அருமையாகத் துளி வரும், கொஞ்ச நாளில் கழுவிக்கொண்டு போய்விடும். டெஃப்லான் கழுவிப் போகாது, ஆனால் அதுவே ஒரு போர்வை.

இதை ஒரு கணக்காகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. சதுர மீட்டருக்கு 1 லட்சம் வாட் வெப்பத்தை அனுப்ப எத்தனை டிகிரி வெப்பநிலை வித்தியாசத்தை நாம் செலவு செய்யவேண்டும் என்று ஒவ்வொரு அடுக்காகக் கேளுங்கள். படலத்துக்கு 10 டிகிரி. துளிக்கு 1 டிகிரி. டெஃப்லானின் கடத்துத்திறன் சுமார் 0.25, ஆகவே 10 மைக்ரான் தடிமனுக்கு 4 டிகிரி. துளியின் 1 டிகிரியையும் சேர்த்தால் 5, பத்து மடங்கு லாபம் இரண்டு மடங்காகச் சுருங்கிவிட்டது. 25 மைக்ரான் பூசினால் பூச்சுக்கே 10 டிகிரி போய்விடும், ஒன்றுமே பூசாத குழாய் இதைவிடத் தேவலை! சரி, 1 மைக்ரானுக்கும் கீழே மெல்லியதாகப் பூசலாமே என்றால், அவ்வளவு மெல்லிய டெஃப்லான் நீராவியில் நிலைத்து நிற்பதில்லை. பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்று இருந்தால் போதும், அதன் வழியாக நீராவி உள்ளே போய் உலோகத்துக்கும் பூச்சுக்கும் நடுவில் தண்ணீராகி, கொப்புளம் மாதிரி பூச்சைத் தூக்கிவிடும், பிறகு அங்கிருந்து உரிய ஆரம்பிக்கும்.

ஆக்சைடு வருவது இந்த இடத்தில்தான். ஆக்சைடுப் பூச்சை 200 நானோமீட்டர் தடிமனில் போடலாம், உலோகத்தோடு இறுகப் பிடித்துக்கொள்ளும், சூட்டைத் தாங்கும், உராய்வைத் தாங்கும். கடத்துத்திறனை மிகக் குறைவாக 2 என்று வைத்துக்கொண்டாலும் மேலே போட்ட கணக்கில் அதற்கான செலவு 0.01 டிகிரி, மறந்தே விடலாம். எல்லாம் பொருந்துகிறது, அது தண்ணீரை வெறுக்கவேண்டும் என்ற ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றுக்கு 2013ல் அமெரிக்காவின் எம்ஐடியில் கிருபா வாரணாசி குழுவினர் ஒரு பதில் சொன்னார்கள். ஆய்வின் முதல் ஆசிரியர் கிசெல் அசிமி. சீரியத்திலிருந்து லுட்டீசியம் வரை, கதிரியக்கமுள்ள புரோமீத்தியத்தை மட்டும் விட்டுவிட்டு, அருமண் தனிமங்களின் ஆக்சைடுகளை வில்லையாகச் சுட்டு மேலே தண்ணீர்த் துளி வைத்துப் பார்த்தார்கள். சேர்கோணம், அதாவது துளியின் விளிம்பு பரப்போடு உண்டாக்கும் கோணம், எல்லாவற்றிலும் 100லிருந்து 115 டிகிரிக்குள் இருந்தது. 90ஐத் தாண்டினால் நீர் வெறுப்பி. அவர்கள் சொன்ன காரணம் அழகானது. சாதாரண ஆக்சைடில், உதாரணமாக அலுமினாவில் (அலுமினியம் ஆக்சைடு), பரப்பிலிருக்கும் உலோக அணுவுக்கு எலக்ட்ரான் பற்றாக்குறை, அதனால் தண்ணீரின் ஆக்சிஜனை இழுத்துப் பிடிக்கும், தண்ணீர் மூலக்கூறுகள் பரப்போடு ஹைட்ரஜன் பிணைப்பில் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும், அதன்மேல் மற்ற தண்ணீர் பரவும். அருமண் அணுவிலோ நிரம்பாத 4எஃப் ஆர்பிட்டால்கள் உள்ளே ஒளிந்திருக்க, வெளியே 5எஸ், 5பி கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் நிறைந்து அவற்றை மறைத்துக்கொண்டிருக்கின்றன. தண்ணீரோடு பிணைய அதற்கு ஆசையே இல்லை, ஆகவே தண்ணீர் துளியாகவே நிற்கிறது. நீராவியிலும் துளியாகத்தான் திரண்டது, கடும் வெப்பத்துக்கும் தேய்ப்புக்கும் பிறகும் குணம் மாறவில்லை என்றார்கள். கண்டென்சர்க்காரர்களுக்கு இதைவிட இனிப்பான செய்தி என்ன இருக்க முடியும்.

அடுத்த வருடமே, 2014ல், அதே எம்ஐடியில் எவலின் வாங் குழு மறுப்பு எழுதியது. ஆக்சைடை பிளாஸ்மாவில் (மின்னேற்றம் பெற்ற வாயுவில்) நன்றாகச் சுத்தம் செய்துவிட்டுத் தண்ணீர் வைத்தால் அது அப்படியே பரவிவிடுகிறது, அதே வில்லையைக் காற்றில் வைத்திருந்தால் நாளாக நாளாகச் சேர்கோணம் ஏறிக்கொண்டே போகிறது, காற்றில் எப்போதும் இருக்கிற ஹைட்ரோகார்பன் (எண்ணெய் போன்ற கரிமப் பொருள்) ஆவி வந்து ஒட்டிக்கொள்வதால்தான் இந்த வெறுப்பு, ஆக்சைடின் பிறவிக் குணம் இல்லை என்பது அவர்கள் வாதம். அதற்கும் பதில் வந்தது. 2015ல் வாரணாசி தரப்பு, புதிதாகப் படியவைத்த சீரியம் ஆக்சைடில் பரப்பில் ஆக்சிஜன் அளவுக்கு மீறி இருக்கிறது, அதனால்தான் தண்ணீர் பரவுகிறது, அதை உயர் வெற்றிடத்தில் வைத்து அந்த அதிகப்படி ஆக்சிஜன் குறைந்ததும் அது நீர் வெறுப்பியாகிவிடுகிறது என்று காட்டினார்கள். பிளாஸ்மாவும் பரப்பின் வேதியியலைக் கலைத்துவிடுகிறது என்பது இந்தத் தரப்பின் கட்சி.

யார் சொல்வது சரி? என் பார்வையில் ஹைட்ரோகார்பன் கட்சிக்குத்தான் வலு அதிகம். இதே கதை தங்கத்தில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. தங்க முலாம் பூசிய பரப்பில் நீராவி மாதக்கணக்கில் துளியாகத் திரள்வதைப் பார்த்து, தங்கம் தண்ணீரை வெறுக்கும் உலோகம் என்று பல வருடம் நம்பினார்கள். கடைசியில் உண்மையிலேயே சுத்தமான தங்கத்தில் தண்ணீர் பரவுகிறது, காற்றில் இருந்து ஒட்டுகிற கரிமப் பொருள்தான் காரணம் என்று 1980 வாக்கில் முடிவானது. டைட்டானியம் டைஆக்சைடும் இதையேதான் சொல்கிறது, புற ஊதா ஒளி பட்டதும் அதில் தண்ணீர் தகடாகப் பரவும், இருட்டில் வைத்துவிட்டால் மெல்ல மெல்லத் துளி திரும்பி வரும். எனக்கே ஒரு முறை இது பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. செம்புத் தகட்டில் ஒரு பூச்சுப் போட்டு, முதல் நாள் தண்ணீர் பரவிவிட்டதே என்று சோர்ந்துபோய் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன், ஒரு வாரம் கழித்து எடுத்தால் அட்டகாசமான துளி. பூச்சு முதிர்ந்துவிட்டது என்று இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் ஒன்றுமே பூசாத வெறும் தகட்டை அதே டப்பாவில் வைத்துப் பார்த்தபோது அதிலும் துளி நின்றது. டப்பாதான் என் பூச்சு!

ஆனால் இந்த வழக்கில் தீர்ப்பு எப்படிப் போனாலும் கண்டென்சர்க்காரருக்குக் கவலை வேறு. பிறவிக் குணமோ, வந்து ஒட்டியதோ, நீராவிக்குள்ளே அது நிற்குமா என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டும். ஆய்வகத்தில் வில்லை காற்றில் கிடக்கிறது, ஹைட்ரோகார்பன் கிடைத்துக்கொண்டே இருக்கும். கண்டென்சருக்குள்ளோ சுத்தமான நீராவி, விடாமல் கழுவிக்கொண்டே இருக்கிற தண்ணீர். ஒட்டியது போனால் மறுபடி எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்காத பூச்சை நான் நம்பமாட்டேன். அருமண் ஆக்சைடுகள் மற்ற ஆக்சைடுகளைவிட ஹைட்ரோகார்பனை ஆர்வமாகப் பிடித்துக்கொள்கின்றன என்றால் அதுவும் ஒரு குணம்தானே, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இன்னொரு பக்கம், இப்படிப்பட்ட பூச்சுகளைப் பற்றிப் படிக்கும்போது கண்ணில் படும் 150, 160 டிகிரி சேர்கோணம். மேடுபள்ளமில்லாத பரப்பில் என்ன வேதிப்பொருள் பூசினாலும் சுமார் 120க்கு மேல் போகாது. அதைத் தாண்டவேண்டும் என்றால் பரப்பு சொரசொரப்பாக இருக்கவேண்டும், தாமரை இலை மாதிரி. இதற்குப் பிரபலமான வழி செம்பு ஆக்சைடு. சோடியம் குளோரைட் (சாப்பாட்டு உப்பான குளோரைடு இல்லை), சோடியம் ஹைட்ராக்சைடு, டிரைசோடியம் பாஸ்பேட் கலந்த கரைசலை 96 டிகிரி செல்சியஸில் வைத்து, சுத்தம் செய்த செம்புக் குழாயை அதில் சில நிமிடம் முக்கினால் கருப்பாக, கத்தி முனை போன்ற நுண்ணிய செதில்கள் முளைத்துவிடும். அலுமினியம் என்றால் இன்னும் எளிது, கொதிக்கும் சுத்தமான தண்ணீரே போதும், போமைட் செதில் வளரும். ஆனால் கவனியுங்கள், இந்தச் செதில்கள் வெறுமனே இருந்தால் தண்ணீரைப் பஞ்சு மாதிரி உறிஞ்சும். மேலே ஒரு மூலக்கூறு தடிமனுக்கு ஃபுளோரின் கொண்ட சிலேனையோ தயோலையோ ஏற்றினால்தான் துளி நிற்கும். ஆகவே நீர் வெறுக்கும் ஆக்சைடு என்று எழுதியிருக்கும் பாதி இடங்களில் ஆக்சைடு எலும்புக்கூடுதான், வெறுப்பு மேலே போர்த்திய தோலுடையது. அந்தத் தோலில்தான் சீக்கிரம் பழுது வரும். போதாக்குறைக்கு ஃபுளோரின் சேர்மங்களில் ஒரு பெருங்கூட்டத்தையே கட்டுப்படுத்தும் முன்மொழிவு 2023ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. ஃபுளோரின் தேவைப்படாத அருமண் ஆக்சைடு மேல் இன்னும் ஆர்வம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சொரசொரப்புப் பரப்பில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு பொடித் துளிகள் சேரும்போது பரப்பு இழுவிசையில் மிச்சமாகும் ஆற்றலில் துளி துள்ளிக் குதித்துப் பரப்பை விட்டே பறந்துவிடும். புவியீர்ப்புக்குக் காத்திருக்கவேண்டாம், மில்லிமீட்டர் வரை வளரவேண்டியதில்லை, பத்துப் பதினைந்து மைக்ரானிலேயே கிளம்பிவிடும். போரெய்கோ, சென் என்ற ஆய்வாளர்கள் இதை 2009ல் எழுதினார்கள். 2013ல் மில்ஜ்கோவிச் குழு மேலே சொன்ன செம்பு ஆக்சைடுக் குழாயில் இதை ஓடவிட்டு, சாதாரணத் துளிப் பரப்பைவிட வெப்பக் கடத்து குணகம் 30 சதவீதம் கூடியதாக அளந்தது. இரண்டு விஷயம் கவனிக்கவேண்டும். ஒன்று, 30 சதவீதம், 30 மடங்கு இல்லை. இன்னொன்று, மீதெவிட்டு விகிதம், அதாவது நீராவியின் அழுத்தம் குளிர்ந்த பரப்பின் வெப்பநிலைக்குரிய தெவிட்டிய நீராவி அழுத்தத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது, 1.12க்குக் கீழே இருக்கும் வரைதான் அது. அறை வெப்பநிலைக்குப் பக்கத்தில் நீராவி அழுத்தம் டிகிரிக்குக் கிட்டத்தட்ட 6 சதவீதம் மாறும் என்பதால், 1.12 என்றால் பரப்பு நீராவியைவிட வெறும் 2 டிகிரி குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் குளிரவிட்டால் செதில்களின் இடுக்குக்குள்ளேயே துளி முளைத்து, இடுக்கு நிரம்பி, தண்ணீர் பசை போட்டது போல ஒட்டிக்கொள்ளும். அப்போது வழவழப்பான நீர் வெறுப்பிப் பரப்பே பரவாயில்லை என்றாகிவிடும். தாமரை இலைத் தண்ணீர் என்று சொல்வது மழைத்துளிக்குச் சரி, ஏனென்றால் அது மேலேயிருந்து விழுகிறது. நீராவியோ இடுக்கில் புகுந்து உள்ளேயே பிறக்கிறது. உண்மையான தாமரை இலையையே நீராவியில் காட்டினால் அதுவும் ஒட்டிக்கொள்கிறது என்று 2005ல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

இதனால்தான் சேர்கோணத்தை மட்டும் சொல்லிப் பெருமைப்படும் பூச்சைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். துளி நகரும்போது முன்பக்கக் கோணத்துக்கும் பின்பக்கக் கோணத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அது எவ்வளவு பெரிதானதும் கிளம்பும் என்பதைத் தீர்மானிக்கிறது. 105 டிகிரி கோணமும் சின்ன வித்தியாசமும் உள்ள பரப்பு, 150 டிகிரி இருந்தும் இடுக்கில் மாட்டிக்கொள்கிற பரப்பைக் கண்டென்சரில் தோற்கடித்துவிடும்.

இப்போது முழுக் கண்டென்சர். பழைய கணக்கையே தொடரலாம், சதுர மீட்டருக்கு 1 லட்சம் வாட். நீராவிப் பக்கம் படலம் என்றால் 10 டிகிரி. டைட்டானியம் குழாய்ச் சுவர் அரை மில்லிமீட்டர், கடத்துத்திறன் சுமார் 21, அதற்கு 2.4 டிகிரி. உள்ளே ஓடும் குளிர்நீர்ப் பக்கம் வெப்பக் கடத்து குணகம் (படலத்துக்கு 10,000 என்றோமே, அந்த எண்) 6,000 என்று வைத்தால் 16.7 டிகிரி. கூட்டினால் 29.1. நீராவிப் பக்கத்தைப் பத்து மடங்கு மேம்படுத்தி 10ஐ 1 ஆக்கினால் மொத்தம் 20.1. அதாவது 1.45 மடங்கு. குழாயின் உள்ளே அழுக்கும் படிந்திருந்தால் இன்னும் குறையும். நீராவிப் பக்கத்தை இனி நூறு மடங்கு ஆக்கினாலும் மிச்சமிருக்கிற அந்த 1 டிகிரியைத்தான் பிடிக்க முடியும். பெரிய மின்நிலையக் கண்டென்சர் வெற்றிடத்தில் ஓடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 40 டிகிரியில் நீராவி அழுத்தம் 7.4 கிலோபாஸ்கல்தான். அந்த அழுத்தத்தில் துளியின் குணகமும் இறங்கிவிடும், வளிமண்டல அழுத்தத்தில் எடுத்த எண்ணை அங்கே அப்படியே கொண்டுபோய் வைக்கமுடியாது. வெற்றிடம் என்றால் எங்கேயாவது காற்றும் கசியும். நகராத நீராவியில் அரை சதவீதம் காற்று கலந்தாலே பரிமாற்றம் பாதிக்குப் பாதி விழுந்துவிடலாம். காற்று குழாயைச் சுற்றித் திரையாக நின்றுவிட்டால் கீழே எந்தப் பூச்சு இருந்தாலும் ஒன்றுதான்.

ஆனாலும் 1.45 என்பது லேசுப்பட்டது இல்லை. அதே வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு குழாயைக் குறைக்கலாம், அல்லது அதே குழாயை வைத்துக்கொண்டு நீராவியைச் சில டிகிரி குறைந்த வெப்பநிலையில் தண்ணீராக்கி டர்பைனிலிருந்து கூடுதல் வேலை வாங்கலாம். நூறு மணி நேரம் நிற்கிற பூச்சை வைத்துக்கொண்டு இதைச் செய்யமுடியாது என்பதுதான் முட்டுக்கட்டை. கண்டென்சர் குழாய் பல பத்தாண்டுகள் ஓடவேண்டிய பொருள், உள்ளே போய் மறுபடி பூசுவதற்கு வழியில்லாத இடம்.

புராஜெக்ட் என்று கேட்டதால்: லாந்தனத்தை விட்டுவிடுங்கள், அதன் ஆக்சைடு ஈரத்தில் ஹைட்ராக்சைடாக மாறி உதிர்ந்துவிடும். சீரியம் நல்ல தேர்வு. பெயர்தான் அருமண், பூமியின் மேலோட்டில் ஏறக்குறைய செம்பு அளவுக்கு இருக்கிறது. கரைசலில் முக்கி எடுத்துச் சுடுவது, மின்முலாம் மாதிரி படியவைப்பது இரண்டும் கல்லூரி ஆய்வகத்தில் நடக்கக்கூடிய காரியம், ஒவ்வொரு அணு அடுக்காக ஆவியிலிருந்து படியவைக்கும் அணு அடுக்குப் படிவு எல்லாம் தேவையில்லை. ஒரே மாதிரியான மூன்று குழாய் எடுங்கள், ஒன்று வெறுமனே, ஒன்று சீரியம் ஆக்சைடு, ஒன்று வெறுமனே ஆனால் சீரியம் குழாயோடு ஒரே பெட்டியில் அத்தனை நாளும் கிடந்தது. மூன்றாவதை மறந்துவிடாதீர்கள், என் டப்பா கதை நினைவிருக்கட்டும். முதலில் வெறும் குழாயில் படலமாக வழியவிட்டு அளந்து, நுசெல்ட் கணக்கோடு ஒத்துப்போகிறதா பாருங்கள், பாதிதான் வருகிறது என்றால் நீராவி ஓடும் சோதனைக் கலத்துக்குள் காற்று இருக்கிறது, அதை வெளியேற்றும் வரை வேறெதையும் அளக்கவேண்டாம். அதன்பிறகு சீரியம் குழாயைப் போட்டு, முதல் மணி நேரத்து எண்ணைக் குறித்துவைத்துவிட்டு, நீராவியை நிறுத்தாமல் இரண்டு வாரம் ஓடவிட்டுத் தினமும் ஒரு முறை அளந்து படமும் எடுங்கள். துளி எந்த நாளில் எந்த மூலையில் படலமாக மாற ஆரம்பிக்கிறது என்று அந்தப் படங்களில் தெரியும், குழாயைக் கழற்றியதும் நுண்ணோக்கியில் முதலில் அந்த மூலையைப் பாருங்கள்.